கை மார்க் கப்பு

"ஒங்க பொண்ண ஒரே ஒரு நாள் சென்னைக்கு அழச்சிக்கிட்டு வாங்க அர்ச்சுனன். அப்பீல் நம்ம பக்கம்!"

அர்ச்சுனன் வீட்டுக்கு வந்திருந்த வக்கீல் கொளஞ்சிநாதன் உற்சாகத்தில் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டார். சென்னையில் பகலில் டிரேட்மார்க் அப்பீல், சாயந்திரம் சட்டக் கல்லூரியில் பாடம். இரண்டு இடத்திலும் எதிரே இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள் என்பது அவரே சொல்லிச் சிரிக்கும் ஜோக்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அர்ச்சுனன் செய்யும் கப்புகளின் அடியில் ஒரு குழந்தையின் கை, சின்ன முத்திரையாகப் பதிந்திருக்கும். அதே கையைப் பெரிய கம்பெனி ஒன்று தன் கப்பிலும் போட்டுக்கொண்டு, "எங்கள் ஓவியர் வரைந்தது" என்று சாதித்தது. கீழ்க் கோர்ட்டில் தோற்றாயிற்று. அப்பீலிலும் தோற்றால் அர்ச்சுனன் இனி அந்தக் கையைப் போடவே கூடாது.

"மயிலு, சிங்கம்னு வேற மார்க் வச்சிக்கங்கன்னேன். நீங்க கேக்கல."

"அது மட்டும் முடியாதுங்க சார்."

"அப்ப இதான் வழி." மேஜைமேல் மஞ்சள் துணியில் கிடந்த முதல் களிமண் அச்சை எடுத்தார். "ரேகைகூட வுழுந்திருக்குது பாருங்க. வளந்தா கை பெருசாவும், ரேகை மாறாது. பொண்ணு கையையும் இதையும் வச்சிப் பாத்து நிபுணர் ஒரு ரிப்போர்ட் குடுத்தா, அந்த ஓவியர் ஊரை வுட்டே ஓடிடுவாரு!"

அர்ச்சுனன் தரையைப் பார்த்தான். டம்ளரை எடுக்க வந்த அவன் மனைவி ஆதிலட்சுமி அப்படியே நின்றாள்.

"அவள அழச்சிக்கிட்டு வர முடியாதுங்க சார்."

"ஸ்கூலா? லீவு லெட்டர் நானே எழுதித் தரேன். ஐஸ்கிரீம் வேற வாங்கித் தரேன். எம் பாடத்த மட்டும் கேக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு வகுப்பிலேயே பழகியதுதான்.

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதீர்கள் என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவர், அச்சைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"எம் பேரன் போட்டோவுக்குக்கூட ஒரு நிமிஷம் நிக்க மாட்டான். ஒரு ரேகைகூடக் கலையலியே! மூணு வயசுக் கொழந்த, ஈரக் களிமண்ணுல வச்ச கைய எப்படித்தான் ஆட்டாம வச்சிருந்தா?"

ஆதிலட்சுமி அவர் கையிலிருந்து அச்சை வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றினாள்.

"ஆட்டுவாளான்னுதாங்க சார் நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தோம்" என்றாள். "குழி வெட்டியாச்சு, கொழந்தைய எடுத்துக்கிட்டு வாங்கன்னு வாசல்ல வந்து கூப்புடற வரைக்கும்."