நொண்டியடித்தல்

அன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடற்திறன் மதிப்பீடு. ஒற்றைக்காலில் ஐந்து தடவை நொண்டியடிக்க வேண்டும்.

"நான் எப்படிச் செய்றேனோ, அப்படியே செய்யணும்" என்று சொல்லிவிட்டு, பி.டி. டீச்சர் ஜெசிந்தா இடக்காலை மடக்கி எம்பினாள். வலக்கால் தரையை விட்டு எழவில்லை. சாய்ந்து, கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடி எம்பினாள். மறுபடியும் விழுந்தாள். வலி துளியும் இல்லை. இருபது வருஷமாகத் தினமும் குதித்த கால், யாருடையதோ போலக் கிடந்தது.

நிமிர்ந்தபோது, பிள்ளைகள் முப்பது பேரும் இடக்காலை மடக்கி, சாய்ந்து, கையை ஊன்றி வரிசையாக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

"சரியா செஞ்சோமா டீச்சர்?" என்று கேட்டாள் முன்வரிசைப் பூவிழி.

ஹெச்.எம்மைக் கூட்டி வரச் சொல்ல ஜெசிந்தா வாயைத் திறந்தாள். கொழகொழவென்று ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. பிள்ளைகள் அதையும் உரக்கத் திருப்பிச் சொன்னார்கள்.

பூவிழி மட்டும் சொல்லவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்தவள், சட்டென்று எழுந்து அலுவலக அறையை நோக்கி ஓடத் தொடங்கினாள். அந்த மைதானம் அவ்வளவு நீளம் என்பது ஜெசிந்தாவுக்கு அன்றுதான் தெரிந்தது.