ஏலக்காய்

தெருமுனை வரை வந்துவிட்டு மறுபடி திரும்பி நடந்தான். இது மூன்றாவது முறை.

கையை முகர்ந்து பார்த்தான்.

ஸ்பிரிட்.

பட்டறைக் குழாயில் இரண்டு தரம் சோப்புப் போட்டாயிற்று. மண்ணைப் போட்டுத் தேய்த்தும் பார்த்தாயிற்று. போவேனா என்கிறது. சட்டையில் வேறு ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எழுபத்தொரு நாள். இன்றுதான் வேலைக்குப் போனான். உப்புத்தாள் தேய்க்கிற வேலை மட்டும்தான், பாலிஷ் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று மனைவி பிலோமியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். மதியம் பாலிஷ் போடுகிறவர் வரவில்லை. தேக்குக் கதவு நாளைக் காலையில் போயாக வேண்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இவன் அளவுக்குப் பூச அந்தப் பட்டறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

பூசினான்.

ஒரு சொட்டுக்கூட வாயில் படவில்லை. சத்தியமாக.

யார் நம்புவார்கள்? இவன் சத்தியத்தை இவனே நம்பமாட்டான்.

வெளியே போய்வந்தால் பிலோமி வாசலிலேயே நிறுத்துவாள். ஊதச் சொல்லி முகர்வாள். பிறகு மாத்திரை. குடிக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று. விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

முன்பெல்லாம் காதில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை அடக்கக் குடித்தான். குடிக்கக் குடிக்க அது பக்கத்திலேயே உட்கார்ந்து பேசியது. அப்படியே ஒன்பது வருஷம் போயிற்று.

வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்குகிறது. பிலோமியின் துணி, மகளின் துணி. இன்னொரு தரம் வாசம் வந்தால் அம்மா வீடு. சொன்னால் செய்கிறவள்.

கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மாத்திரையால் கால் இப்படிப் பரபரக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்றைக்கு மாத்திரைமேல் பழி போட முடியாது.

எப்படியும் குடித்தவன் என்றுதான் ஆகப்போகிறது. அப்புறம் குடித்தால்தான் என்ன?

நின்றான். காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். அந்தக் குரல் இல்லை. இவன் மனசுதான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பெட்டிக்கடையில் ஏலக்காய் வாங்கினான். நாலைந்தை ஒன்றாக வாயில் போட்டு மென்றுகொண்டு விறுவிறுவென்று நடந்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

குடித்த நாளிலெல்லாம் இப்படித்தான் மென்றுகொண்டு வருவான்.

அட பைத்தியக்காரா.

துப்பினான். பாதி பல்லிடுக்கில் நின்றுவிட்டது. நாக்கால் துழாவுவதற்குள் கதவு திறந்தது.

பிலோமி கிட்டே வந்தாள். முகர்ந்தாள்.

அவள் முகம் செத்துப்போயிற்று. திரும்பி, ஆணியிலிருந்து பையை எடுத்தாள்.

முன்பென்றால் இந்நேரம் ஒரு கதை கட்டியிருப்பான். யாரோ கல்யாணம், யாரோ கொடுத்த பீடா. நாக்கு நுனி வரை வந்தது.

"பாலிஷ் போட்டேன் பிலோமி. உன்கிட்ட சொன்னத மீறிட்டேன். குடிக்கல. அந்த வாசத்துக்குப் பயந்துதான் ஏலக்காய மென்னேன்."

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு விரலாக முகர்ந்தாள். நகக்கண்ணில் அரக்கு கறுப்பாக ஏறியிருந்தது. பிறகு வாயை முகர்ந்தாள். மறுபடி கையை. வெகுநேரம் பிடித்தாள். அவன் அசையாமல் நின்றான். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பையின் ஜிப்பை இழுத்து, மேலாக மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"கழுவிட்டு வாங்க. மாத்திர போடணும்."

கழுவினான். துடைத்துக்கொண்டான். துண்டில் அந்துருண்டை வாசம் அடித்தது.

பை தரையில் திறந்தபடியே கிடந்தது.

துண்டைக் கொடியில் போடுவதா, திரும்பப் பையில் வைப்பதா என்று தெரியவில்லை. ஈரத்தோடு பிடித்துக்கொண்டு நின்றான்.