சுவரில் வளர்ந்த மசினி

ரங்கியின் மகள் மசினிக்கு நாலு வயதாகியும் இரண்டு வயதுப் பிள்ளையின் உடம்புதான். அங்கன்வாடிச் சுவரில் இருந்த மசினியோ கொழுகொழுவென்று இருந்தாள். மலையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், அந்தந்த வயதில் எப்படி வளர்ந்திருக்க வேண்டுமோ அப்படியே வளரும் ஒரு திரைக் குழந்தையை அரசாங்கம் கொடுத்திருந்தது. எடை பார்ப்பதெல்லாம் அதற்குத்தான். அதற்கு எடை குறைந்ததே இல்லை என்பதால் மலைக்குச் சத்துமாவு வருவது நின்றுபோய் வெகுநாளாகிவிட்டது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார். "அடேயப்பா, என்ன வளர்த்தி! கன்னத்தைப் பாரேன்!"

ரங்கிக்குப் பகீரென்றது. சுவரில் இருந்தாலும் பிள்ளை பிள்ளைதானே, கண்பட்டுவிடாதா? இடுப்பிலிருந்த மசினியின் கன்னத்து மைப்பொட்டை விரலால் வழித்து, திரையின் கன்னத்தில் பெரிதாக அப்பினாள்.

திரை அலறியது. குழந்தைக்குத் தோல் நோயாம். அடிவாரத்திலிருந்து ஆம்புலன்ஸ் பறந்து வந்தது. திரையைக் கழற்றிப் படுக்கவைத்து, கம்பளி போர்த்தினார்கள்.

"கூட ஒரு ஆள் வரணும்மா. தொணைக்கு இருக்கறவங்களுக்கு மூணு வேளையும் சோறு, பாலு, முட்டை எல்லாம் உண்டு" என்றார் டிரைவர்.

ரங்கி மசினியைத் தூக்கி வண்டிக்குள் உட்காரவைத்தாள். "இவ இருப்பா."

"இத்துனூண்டு புள்ளையா?"

"அவளும் இவளும் ஒண்ணுதானுங்க. நல்லாப் பாத்துக்குவா."

வண்டி நகர்ந்ததும் ரங்கி பின்னாலேயே ஓடினாள்.

"சாமீ, அவசரப்பட்டுக் கொணமாக்கிப்போடாதீங்க!"