டிஃபரன்ஷியல் மாப்பிள்ளை

"ஏலே, பொண்ணு பாக்க வந்தமா, வண்டி ரிப்பேர் பாக்க வந்தமா?" கத்தரீனாள் தன் மகன் மிக்கேலின் காதைக் கடித்தாள்.

அது சூசையப்பன் காதிலும் விழுந்தது. "ரெண்டுக்குந்தாம்மா. இந்தக் காரைச் சரி பண்றவனுக்குத்தான் என் மக சிசிலி."

மாட்டுப்பட்டிக்குப் பக்கத்து எஸ்டேட்டில் அவர் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி. சீமைக்குத் திரும்பிய துரை, தன் ரேடியோ காரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கையிலுள்ள பெட்டியைத் திருகினால் கம்பியே இல்லாமல் ஓடும் பொம்மைக் கார். கொஞ்ச நாளாக அதன் பின்பக்கம் கரகரவென்று கடித்தது. லாரிக்கே பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலை இறக்கி ஏற்றுகிற சூசையப்பனுக்கு, தீப்பெட்டி அளவு டிஃபரன்ஷியல் பிடிபடவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் மறுநாள் வேறொன்று. அவமானத்தை வெளியே சொல்ல முடியாமல், அதையே மாப்பிள்ளைகளுக்குப் பரீட்சையாக வைத்துவிட்டார். வந்த மெக்கானிக்குகள் எல்லோரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டுத் தோற்றுப் போனார்கள்.

"தம்பிக்கு என்ன சோலி?"

"மூணாறு பஜார்ல ரொட்டி போடுறேன்."

"ரொட்டியா!" சூசையப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாவு பிசையுற கைக்குப் பல்சக்கரமா? சரி, வந்ததுக்குத் தொட்டுப் பாத்துட்டுப் போங்க."

மிக்கேல் சட்டைக் கையை மடித்துவிட்டான். காரைத் தூக்கி ஒரு பின்சக்கரத்தைச் சுற்றினான். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது, ஆனால் விக்கி விக்கி. திருகாணிகளைக் கழற்றினான். உள்ளேயிருந்த குட்டிப் பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக விரலால் அசைத்தான்.

"பல்லெல்லாம் நல்லாருக்கு. இந்தப் பக்கம் வாஷர் இல்ல. அதான் சக்கரம் எடம் விட்டு நகந்து கடிக்குது."

சூசையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

பழைய பவுடர் டப்பாத் தகட்டில் மிக்கேல் ஒரு வாஷர் வெட்டினான். மாட்டி, கிரீஸ் தடவி, மூடினான். கார் லயத்து வீட்டு வாசலில் வழுக்கிக்கொண்டு ஓடியது. கோழி ஒன்று அலறிப் பறந்தது. "மாதாவே!" என்று கத்தரீனாள் காலைத் தூக்கிக்கொண்டாள்.

"எனக்கே தட்டுப்படலையேப்பா!" சூசையப்பன் மிக்கேலைக் கட்டிக்கொண்டார். "ஈஸ்டர் கழிஞ்சதும் கல்யாணம். சிசிலி, மாப்பிள்ளைக்குக் காப்பி குடும்மா!"

பெரியவர்கள் இருவரும் எந்தச் சாமியாரைக் கூப்பிடுவது என்று பேச உட்கார்ந்தார்கள்.

சிசிலி குனிந்த தலை நிமிராமல் காப்பியை நீட்டினாள். உதடு மட்டும் அசைந்தது.

"மத்தவங்களுக்கெல்லாம் அதுல மண்ணள்ளிப் போட்டேன், உங்களுக்கு வாஷர மட்டுந்தான் உருவினேன். கோயிலுக்குப் பின்னாடி வச்சு நான் சொல்லிக்குடுத்ததும் இந்த ஒரு ரிப்பேர்தான், அப்பா வேற எதையாச்சும் நீட்டுனா, அடுப்புல ரொட்டி கருகுதுன்னு ஓடிப்போயிருங்க!"