பின்சக்கரத்து ஹப்

“அண்ணனுக்குக் கையில ஏதாச்சும் பிரச்சனையாக்கா?” என்று பக்கத்து லேத் பட்டறைக்காரன் ஒருமுறை கேட்டபோது, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ருக்குமணி அடித்துச் சொல்லிவிட்டாள். புருஷன் ஆறுச்சாமியின் அந்தக் கைதான் இப்போது பழைய காரின் பின்சக்கரக் குடமான ஹப்பில், அதை இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டி, அதன் நடுபோல்ட்டைக் காலையிலிருந்து முறுக்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தால் வெளுக்க வேண்டிய விரல்கள் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. “துரு ஏறி ஒட்டிக்கிச்சுங்க” என்றான் ஆறுச்சாமி. “வரலீன்னா விட்டுரப்பா, டவுனுக்கு இழுத்துட்டுப் போயிக்கறேன்” என்று கார்க்காரர் போனை எடுத்தார். ஒர்க்‌ஷாப்பில் நின்றதே அந்த ஒரு வண்டிதான். வீட்டுக்குள்ளிருந்து மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்த ருக்குமணி, புருஷனின் கைமேல் தன் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். வெடி வெடித்ததுபோல் சத்தம் கேட்டது. ஹப் கழன்று வந்துவிட்டது. “அடேங்கப்பா! இனி அம்மணியவே வேலைக்கு வெச்சுக்க வேண்டியதுதான்” என்று கார்க்காரர் சிரித்தார். “அவரு காலைல இருந்து முறுக்கி வெச்சதுங்க, நான் சும்மா தொட்டேன்” என்றாள் அவசரமாக. அவள் உள்ளங்கைக்குக் கீழே கிடந்த கையை ஆறுச்சாமி மெல்ல உருவிக்கொண்டான். செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்து, தெருவில் இறங்கி நடந்தான்.