தலைவர் பிடித்த மீன்

ஜன்னல் வெயிலில், பாடம் செய்பவரின் மேசைமேல் அந்தக் கெண்டை வயிறு புடைத்துக் கிடக்கிறது. பஞ்சடைத்து, வார்னிஷ் பூசி, தூண்டில் சங்கத்துச் சுவரில் மாட்டப்போகிறார்கள். பிடித்தவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகூட வந்துவிட்டது. பிடித்தவரான சங்கத் தலைவர் தொப்பியும் கையுமாகப் பக்கத்தில் நிற்கிறார். "முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன்," என்கிறார், ஐந்தாவது முறையாக. கூட வந்த மைத்துனர் கொட்டாவி விடுகிறார். கத்தி வயிற்றைக் கீறியதும் தட்டையாக, வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்க்கிறது. பாடம் செய்பவர் இடுக்கியால் இழுக்க இழுக்க, அது முடிவேனா என்று வந்துகொண்டே இருக்கிறது. "நாடாப்புழு சார். இது உள்ள இருந்தா மீனு ஆழத்துக்கே போகாது. மேலாக்க மந்தமா மிதந்துட்டிருக்கும். கையாலயே அள்ளிடலாம்." மைத்துனரின் தூக்கம் பறந்துவிடுகிறது. "அப்போ முக்கால் மணி நேரம் யாரோட அத்தான் மல்லுக்கட்டினீங்க?" தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலத்துக்குள் சங்கம் முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கும். மைத்துனர் இப்போதே கைபேசியை எடுத்துவிட்டார். பாடம் செய்பவர் புழுவை மேசைமேல் நீட்டி, அளவுகோலை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்குகிறார். "முப்பது வருஷத்துல இவ்ளோ நீளமா நான் பார்த்ததே இல்ல சார்." தலைவரின் தொங்கிப்போன தோள்கள் மெல்ல நிமிர்கின்றன. தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "அதுக்குத் தனியா ஒரு கண்ணாடி ஜாடி போடுங்க," என்கிறார். "அதையும் நான்தானே பிடிச்சேன்?"