மிஹோ மணல்

எங்கள் வெள்ளைக் காரை இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் மாடலாகச் செய்ய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நிஜக் கார் ஷிசுவோகா வீட்டு வாசலிலேயே நின்றது. அளவெடுக்க மட்டும் அதில் ஏறுவேன்.

"மிஹோ கடற்கரை அரை மணி நேரந்தான். என்னைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து அளந்தா, காரு சுருங்கிடுமா?" என்பாள் மனைவி கினுகோ.

"கதவுக்கு இன்னும் ஒரு கோட்டு பெயின்ட் பாக்கி இருக்கு," என்பேன்.

கினுகோ மார்ச்சில் இறந்தாள். அந்தக் கடைசிப் பூச்சை ஏப்ரலில் அடித்தேன். மாடலின் கூரையை ஒட்டி மூடினேன். அதற்குப் பிறகு உள்ளே ஊசிகூட நுழையாது.

மே மாத மாடல் கண்காட்சியில், நண்பர் இனாககி குனிந்து என் மாடலின் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பெரிய ஆளுய்யா நீ. மணலைக்கூட அளவுக்கு அரைச்சுப் போட்டிருக்கியே. மிஹோ கருமணல்தானே?"

நான் மணல் போடவில்லை. டார்ச்சை வாங்கிப் பார்த்தேன். கினுகோ உட்காரும் இடது பக்கம், கால்மிதி முழுக்க மாவு மாதிரி கருமணல் கிடந்தது.

"ஒரு தப்பு பண்ணிட்டே," என்றார் இனாககி. "ஓட்டுற பக்கம் ஒரு பொட்டு மணல் இல்லையே. கடல் வரைக்கும் போயிட்டு, ஓட்டினவன் மட்டும் இறங்கலியா?"

"அவன் வரவே இல்லை," என்றேன்.